அடுத்து என்ன படிப்பது: கடைக்காரர் சொல், அலமாரி அட்டை, நட்சத்திரம்

"நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால், எந்தக் கடைக்காரரும் அந்த வாரம் அதிகம் போகிற ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார். அவர்மேல் தப்பில்லை. பிடித்துக்கொள்ள அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை.

பெரிய சங்கிலிகளில் சேராமல் சொந்தமாக நடக்கும் புத்தகக் கடைகளிலிருந்து பரிந்துரை நான்கு வழிகளில் வருகிறது: நேர்ப்பேச்சு, ஊழியர்கள் எழுதி அலமாரியில் ஒட்டிய அட்டை, கடைக்காரர்கள் கூடிப் போடும் மாதப் பட்டியல், கடையே புத்தகம் தேர்ந்து தபாலில் அனுப்பும் சந்தா. எதிர்த்தரப்பில் இணையத்தின் அல்காரிதமும் (கணினி தானாகக் கணக்குப் போட்டுத் தரும் பரிந்துரை), வாசகர்கள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணும் நிற்கின்றன. எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் பாதியில் மூடி வைத்த புத்தகத்தைப் பற்றி அதற்குத் தெரியுமா?

அல்காரிதத்துக்குத் தெரியாது. அமேசான் 1998-ல் கொண்டுவந்த முறையின் அடிப்படை, ஒரு பொருளை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்று ஜோடி ஜோடியாக எண்ணுவது. வாங்கியது கணக்கில் ஏறும். ஏன் வாங்கினீர்கள் என்பது ஏறாது. மருமகனுக்குப் பரிசாக ஒரு டைனோசர் புத்தகம் வாங்கினால் அடுத்த சில வாரங்களுக்கு டைனோசர்தான். அந்தப் பொருளைப் பரிந்துரைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கணக்கில் குறித்துவிட்டால் தொல்லை குறையும். ஆனால் தொடரின் அடுத்த பாகம் எது, குறுகிய ஒரு துறையில் வேறு என்ன இருக்கிறது என்பவற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. தேனீ வளர்ப்பில் ஏழாவது புத்தகம் தேடுகிறவருக்குக் கடைக்காரர் உதவுவது அபூர்வம்.

நட்சத்திரத்தில் வேறு சிக்கல். வாசகர்கள் புத்தகங்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடும், 2013-ல் அமேசான் வாங்கிய குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் "பரவாயில்லை", மூன்று என்றால் "பிடித்திருந்தது", நான்கு "ரொம்பப் பிடித்தது". கடைத் தளங்களில் மூன்றைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறோம். குட்ரீட்ஸில் அது பாராட்டு. ஆக, 3.7 வாங்கிய நாவலை ஒதுக்குவது அளவுகோலைத் தப்பாகப் படிப்பதுதான். தொடர்நாவல்களில் பிந்தைய பாகங்களுக்குச் சராசரி ஏறிக்கொண்டே போவதையும் பார்க்கலாம். எழுத்து மேம்பட்டதாக அர்த்தமில்லை. முதல் பாகம் பிடிக்காதவர்கள் கழன்றுகொண்டார்கள், மிஞ்சியவர்கள் மட்டும் வாக்களிக்கிறார்கள். வெளிவராத புத்தகத்துக்குக்கூட நட்சத்திரம் விழுகிறது. எண்ணை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களை முதலில் படியுங்கள். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். "நூறு பக்கம் ஒண்ணுமே நடக்கல" என்ற புகார், மெதுவான நாவல் தேடுகிறவருக்கு நல்ல சேதி.

அலமாரி அட்டை இதைவிட நம்பகமானது, படிக்கத் தெரிந்தால். உள்ளங்கை அளவு அட்டை, கையெழுத்தில் நான்கைந்து வரி, கீழே ஊழியரின் பெயர். பெயர் இல்லாத அட்டையை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். அட்டையின் சொற்கள் அங்கேயே இருந்தால் எழுதியவர் பின்னட்டையோடு நிறுத்திவிட்டார் என்று பொருள். ஒரு காட்சியையோ, ஒரு குணத்தையோ, "முதல் இரண்டு அத்தியாயம் இழுக்கும், பொறுத்துக்கோங்க" என்பதையோ சொல்லும் அட்டை படித்தவர் எழுதியது. வெயிலில் மை வெளுத்திருந்தால் தயங்க வேண்டாம்: அந்தப் புத்தகம் விற்றுத் தீரும்போதெல்லாம் திரும்ப வரவழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனை எளிது. நீங்கள் ஏற்கெனவே படித்த புத்தகங்களின் அட்டைகளைத் தேடுங்கள். ஒரே பெயரில் மூன்று அட்டை, மூன்றும் உங்கள் ரசனையோடு ஒத்துப்போனால், அந்தப் பெயரின் நான்காவது அட்டை சொல்லும் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றும் முரண்பட்டாலும் லாபம்தான். அவர் புகழ்வதைத் தவிர்த்துவிடலாம்.

வாசலில் இருக்கும் மேசையை அட்டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிப்பகங்கள் காசு கொடுத்து முன்மேசையில் இடம் பிடிப்பது பெரிய சங்கிலிகளில் நெடுநாள் வழக்கம். பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் சங்கிலிக்கு 2011-ல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட், சொந்தமாகச் சிறு கடைகள் நடத்தியவர். அந்தக் காசை வாங்குவதை நிறுத்தி, எதை முன்னால் வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கடையிடம் விட்டார்.

மாதப் பட்டியலுக்கு வருவோம். அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் இண்டி நெக்ஸ்ட் பட்டியல் 2008 முதல் இந்தப் பெயரில் வருகிறது. வெளிவரும் முன்பே கடைகளுக்குக் கிடைக்கும் முன்பிரதிகளைப் படித்துவிட்டுக் கடைக்காரர்கள் முன்மொழிகிறார்கள். ஆகவே படித்தவர் சொல்தான், ஆனால் பெரும்பாலும் புதிய புத்தகங்கள். பத்து வருடப் பழைய நல்ல நாவல் இதில் வருவது அரிது. 2020-ல் தொடங்கிய புக்ஷாப் டாட் ஆர்க் என்ற இணையப் புத்தக விற்பனைத் தளத்தில் கடைகளும் பட்டியல் போடலாம், கடையே இல்லாதவர்களும் போடலாம். விற்றால் இருவருக்குமே பங்கு உண்டு. யாருடைய பட்டியல் என்று மேலே பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நேர்ப்பேச்சுதான் மேல், கேட்கும் விதத்தில் கேட்டால். மூன்று புத்தகங்களோடு போங்கள்: உயிராகப் பிடித்தது ஒன்று, கடைசியாக முடித்தது ஒன்று, பாதியில் விட்டது ஒன்று. விட்டதுதான் முக்கியம். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்? "நாற்பதாம் பக்கத்திலேயே ஒன்பது பாத்திரம், யார் யாரென்றே தெரியல" என்று சொன்னால், கடைக்காரர் மனதில் அலமாரியில் பாதி அங்கேயே கழிந்துவிடும். பிடித்ததைப் பற்றிச் சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள். எது பிடித்தது என்று சொல்லுங்கள். வேகமா, கதைசொல்லியின் குரலா, இடமா? மலையேற்ற நாவல் பிடித்தது என்றால் மலைப் புத்தகம் வரும். நான்கே பேர், தப்பிக்க வழியில்லாத இடம் என்பதுதான் பிடித்தது என்றால் நீர்மூழ்கிக் கப்பல் கதைகூடக் கைக்கு வரலாம். இந்தத் தாவலை அல்காரிதம் செய்வதைக் காண்பது அரிது.

இதிலும் ஓட்டை உண்டு. கையிருப்பில் இல்லாததை அவர் சொல்வது குறைவு, எனவே "கடையில இல்லாட்டியும் பரவாயில்ல, வரவழைச்சுக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தான் படிக்காத துறையில் அவருக்கும் ஊகம்தான். "இதை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை, நல்ல கடைக்காரர் "இல்ல, ஆனா இதை எடுத்துப்போன ரெண்டு பேர் திரும்ப வந்து கேட்டாங்க" என்று உள்ளதைச் சொல்வார். விடுமுறை நாள் மாலை நெரிசலில் போய்க் கேட்டால் பலனில்லை. வேலை நாளின் காலையில் பத்து நிமிடம் கிடைக்கும்.

சந்தா என்பது இதே பேச்சைத் தபாலில் நீட்டுவது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. எல்லாருக்கும் ஒரே புத்தகமா, ஆளுக்கு ஏற்றதா? முதல் வகைக்கு உங்கள் ரசனை தேவையே இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பது வந்தால் மாற்றித் தருவார்களா? ஆளுக்கு ஏற்ற சந்தாவில் முதல் இரண்டு புத்தகமும் ஆழம் பார்க்கும் கல்தான். பிடிக்கவில்லை என்றால் மரியாதைக்காக "நல்லாருந்துச்சு" என்று பதில் போடாமல், விட்ட பக்க எண்ணோடு எழுதுங்கள். பதிலே போடாவிட்டால் மூன்றாவதும் அதே திசையில்தான் வரும்.