ஐந்து வாட் என்றார்கள்

போன மாதம், கிட்டாக வாங்கி நானே சாலிடர் செய்த என் ரேடியோ டிரான்ஸ்மிட்டரில், சிக்னலைப் பெரிதாக்கி ஆன்டெனாவுக்குத் தள்ளும் கடைசி நிலை டிரான்சிஸ்டர் எரிந்துபோனது. மாற்றிவிட்டேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: “இப்போது எத்தனை வாட் வருகிறது? இந்தக் கிட்டை நானும் வாங்கலாமா?” இரண்டாவது கேள்விக்கு எப்படியாவது பதில் சொல்லிவிடலாம். முதல் கேள்விதான் மூன்று வருடமாக என்னைப் படுத்தி எடுக்கிறது.

7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் தந்திக் குறிகளை மட்டும் அனுப்பவும் கேட்கவும் உதவும் சின்னக் கிட். அதன் ரிசீவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரைச்சல் குறைவு, அலைவரிசை நகர்வதில்லை, பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தாலும் மெலிந்த சிக்னல் தனியாகக் கேட்கிறது. டொராய்டு என்னும் சின்ன வளையங்களில் கம்பி சுற்றிய மாலைப் பொழுதுகளைக்கூட இன்று சந்தோஷமாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கையேடு! ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பக்கம் பக்கமாக விளக்குகிறது. சக்தியை அளப்பதற்கு மட்டும் ஒரே வரி: ‘வாட் மீட்டரை இணைத்து 5 வாட் வருகிறதா என்று பார்க்கவும்.’ பார்த்தேன். என்னிடம் இருந்த முள் மீட்டர் 20 வாட் அளவுகோல் கொண்டது. முழு அளவில் 10 சதவீதம் வரை பிழை வரலாம் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கிறது. அதாவது இரண்டு வாட் இப்படியோ அப்படியோ. ஐந்து வாட்டை அதில் பார்ப்பது, லாரி எடை போடும் மேடையில் கொத்தமல்லிக் கட்டை வைப்பதற்குச் சமம்.

சரி, நாமே அளப்போம் என்று முதலில் ஒரு பெரிய கம்பிச் சுற்று ரெசிஸ்டரை ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டினேன். மல்டிமீட்டரில் 47 ஓம் காட்டியது, எனக்குப் பரம திருப்தி. உள்ளே இருப்பது ஒரு காயில் என்பதும், 7 மெகாஹெர்ட்ஸில் அது 47 ஓமாக நடந்துகொள்ளாது என்பதும் டிரான்சிஸ்டர் கையைச் சுட்ட பிறகுதான் உறைத்தது. அப்புறம் 1 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்கம் பக்கமாகச் சாலிடர் செய்தேன். மொத்தம் 50 ஓம். ஒவ்வொன்றும் கால் வாட் தாங்கும் என்பதால் மோர்ஸ் சாவியைச் சில விநாடிகளுக்கு மேல் அழுத்த முடியாது. மீறினால் மூக்குக்கே தெரியும். அதன்மேல், சிக்னலின் உச்ச வோல்ட்டைப் பிடித்துக் காட்ட ஒரு 1என்4148 டயோடு, ஒரு சின்னக் கெப்பாசிட்டர், மல்டிமீட்டர். சில்லறைக் காசுக்குச் செய்த இந்த உருண்டைதான் மூன்று வருடத்தில் என்னிடம் பொய் சொல்லாத ஒரே கருவி.

அது காட்டியது 19 வோல்ட். இது உச்ச வோல்ட் என்பதால், வர்க்கமாக்கி 50 ஓமின் இரு மடங்கான 100ஆல் வகுத்தால் 3.6 வாட். டயோடு விழுங்கிய 0.7 வோல்ட்டைச் சேர்த்துக்கொண்டால் 3.9. அலையின் வடிவத்தையே திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை இரவல் வாங்கிப் பார்த்தேன்: மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சிவரை 40 வோல்ட், அதாவது உச்சம் 20, ஆக 4 வாட். இரண்டும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் மீதி ஒரு வாட் எங்கே?

கையேட்டின் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் இருந்தது: ‘13.8 வோல்ட் மின்சாரத்தில்.’ நான் கொடுத்தது 12. சக்தி ஏறத்தாழ வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 3.9 வாட் அங்கே 5.1ஐத் தாண்டிவிடும். விற்றவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று 13.8 கொடுத்துச் சாவியை அழுத்திப் பிடித்தேன். 22 வோல்ட் வந்தது, டயோடின் 0.7ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 5.15 வாட். தாளில் எழுதிக்கொண்டு நிமிர்வதற்குள் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

இத்தனைக்கும் நான்கு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. எதிர்முனையில் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும், அதுதான் வியாதி.

இப்போது 12 வோல்ட்டிலேயே ஓடுகிறது. நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் வேறு நல்ல கிட் எது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருடமாக வேறு எதையும் நான் தொட்டதில்லை.