அரைவட்டமா, வில்லா? வேலூர்த் தெருவில் வீல்சேர் தள்ளும் முறைகள்

வீல்சேரைத் தானே தள்ளிப் போகிறவருக்குக் காலின் வேலையையும் சேர்த்துத் தோள்தான் பார்க்கிறது. விநாடிக்கு ஒரு தள்ளு என்று வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு 3,600 ஆகிவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பைத் தூக்கி மாற்றுவதும் அதே தோள்தான். வலி வந்தால் அதற்கு ஓய்வு கொடுக்கக்கூட வழியில்லை. 1954 விபத்தில் நடக்கும் திறனை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. இங்கே நாற்காலி கிடைக்கும் ஒவ்வொருவருக்கும் அதைத் தள்ளும் முறையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

முக்கியமான போட்டி இரண்டு முறைகளுக்கு நடுவில்தான். கை, சக்கரத்தின் வெளிப்பக்கம் பிடித்துத் தள்ள இருக்கும் வளையத்தை ஒட்டியே முன்னால் போய் வந்த வழியே திரும்புவது வில் முறை. தள்ளி முடித்ததும் கையைத் தளரவிட்டு, வளையத்துக்குக் கீழே இறக்கி, பின்பக்கமாகச் சுற்றி மேலே கொண்டுவருவது அரைவட்ட முறை. கையை வளையத்துக்கு மேலே தூக்கித் திருப்புவது பலருக்குத் தானாகவே வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் தோளைத் தூக்க வேண்டியிருப்பதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சமதளத்தில் அரைவட்டம்தான் நல்லது, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கை வளையத்தைத் தொட்டிருக்கும் நேரம் கூடுவதால் ஒரே தூரத்துக்குக் குறைவான தள்ளுகள் போதும். திசை சட்டென்று மாறாததால் மூட்டுக்கும் இதம். முதுகுத்தண்டு பாதிப்புக்குப் பின் கைகளைக் காப்பது பற்றி 2005-இல் அமெரிக்காவில் வந்த மருத்துவ வழிகாட்டியும் நீளமான, சீரான தள்ளைத்தான் சொல்கிறது. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்தில் 11 மணி இருக்கும் இடத்தில் கை தொடங்கி 2 மணி தாண்டி விடவேண்டும் என்று காட்டினால் பழகுகிறவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் "குறைவாத் தள்ளுங்க அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் ஒவ்வொரு தள்ளையும் ஓங்கித் தள்ளுவார். எண்ணிக்கை குறையும், தோளில் விழும் அடி கூடும். அதனால் நீளமாக, ஆனால் மெதுவாகத் தொட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும். கை வளையத்தில் அடித்து விழும் சத்தம் கேட்டால் வேகம் சரியில்லை என்று அர்த்தம்.

சரிவு ஏறும்போது கதை மாறுகிறது. ரயில் நிலையத்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ ரேம்ப் ஏறும்போது கையைக் கீழே இறக்கிச் சுற்றிக்கொண்டிருந்தால் வண்டி பின்னால் உருண்டுவிடும். அங்கே வில் முறைதான் சரி. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, குட்டையாக, அடுத்தடுத்துத் தள்ள வேண்டும். லாங்கு பஜார் நெரிசலிலும் நீளத் தள்ளுக்கு இடம் கிடைக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் உலோக வளையம் சுடும், அப்போது எந்த முறையானாலும் கையுறை வேண்டும்.

இப்போது நாற்காலிக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், தள்ளும் முறையைவிட நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். மடக்கி வைக்கும் ஆஸ்பத்திரி மாடலில் பின்சக்கரத்தின் ஆக்சில் (சக்கரம் சுழலும் அச்சு) முதுகுக்குப் பின்னால் நிற்கும், அதை நகர்த்தவும் முடியாது. வளையத்தை எட்டவே தோளைப் பின்னால் இழுக்க வேண்டியிருப்பதால், அதில் அரைவட்டம் சொல்லிக்கொடுத்தாலும் பாதிதான் பலன். ஆக்சிலை நகர்த்தக்கூடிய, எடை குறைந்த மாடலில் சக்கரம் தோளுக்கு நேர் கீழே வரும். கையை வளையத்தின் உச்சியில் வைத்தால் முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் நடுவில் உள்ள கோணம் 100 முதல் 120 டிகிரி இருக்க வேண்டும், அளவு அதுதான். ஆக்சில் முன்னால் வர வர வண்டி பின்பக்கம் கவிழவும் எளிதாகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பின்னால் ஒருவர் நின்றுகொண்டுதான் மாற்ற வேண்டும்.

விலை கட்டுப்படியாகாது, பழைய மாடல்தான் கதி என்றால், டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே தள்ளும் பாரம் குறையும். அப்புறம் கோட்டைக்கு வெளியே இருக்கும் சமமான நடைபாதை மாதிரி ஓர் இடத்தில் அரைவட்டத்தைப் பழக்கலாம். அது கைக்கு வந்தபிறகு ரேம்ப்புக்குக் கூட்டிப்போய் வில் முறையைக் காட்டலாம்.