ரோகாபுல்டென்செல்-டி: தயாரிப்பில் முதல் தரம், பலனில் தோல்வி

சிறுநீரகப் புற்றுநோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவியவர்களுக்காக, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டர்ஹாமில் இயங்கிய ஆர்கோஸ் தெரப்யூட்டிக்ஸ் உருவாக்கிய சிகிச்சைத் தடுப்பூசி இது. ஆய்வுக் காலத்தில் இதன் பெயர் ஏ.ஜி.எஸ்-003. விற்பனைக்கு வரவே இல்லை. ஆனாலும் விரிவாக மதிப்பிட வேண்டிய தயாரிப்பு. நோயாளியின் டென்ட்ரிடிக் செல்லில் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்) அவருடைய கட்டியின் ஆர்.என்.ஏ-வை (புரதம் தயாரிக்கும் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) ஏற்றித் திருப்பிச் செலுத்தும் முறையை 3ஆம் கட்டச் சோதனை வரை கொண்டுபோய், ஒப்பீட்டுக் குழுவும் வைத்து, வந்த முடிவை வெளியிட்டார்கள். "உங்கள் சொந்தச் செல்லிலிருந்தே தடுப்பூசி" என்று பெரும் தொகை கேட்கும் மையங்களில் பணம் கட்டுவதற்கு முன் இந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அடிப்படை. எதைத் தாக்க வேண்டும் என்று, தாக்கும் வேலையைச் செய்யும் டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது டென்ட்ரிடிக் செல்லின் வேலை. கட்டியின் ஆர்.என்.ஏ அதற்குள் போனால், செல் அதைப் படித்துப் புரதம் தயாரித்து, துண்டு துண்டாக நறுக்கித் தன் மேற்பரப்பில் காட்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி எலி கில்போவாவின் குழு 1996இல் சுண்டெலிகளில் இதை நிறுவியது. பெப்டைட் (புரதத் துண்டு) தடுப்பூசிக்கு நோயாளியின் எச்.எல்.ஏ வகை (ஆளுக்கு ஆள் மாறும் திசு வகை) பொருந்த வேண்டும், ஆர்.என்.ஏ-வுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கையில் கிடைப்பது சின்னத் திசுவாக இருந்தாலும் ஆர்.என்.ஏ-வைப் பெருக்கிக்கொள்ளலாம். மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் கிடையாது.

தயாரிப்பு முறையில் ஆர்கோஸ் காட்டிய கவனம் பாராட்டுக்குரியது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஆர்.என்.ஏ-வைப் பிரித்து, சி.டி.என்.ஏ-வாக (ஆர்.என்.ஏ-வின் டி.என்.ஏ நகல்) மாற்றிப் பெருக்கி, அதிலிருந்து மீண்டும் ஆர்.என்.ஏ தயாரிக்கிறார்கள். இன்னொரு பக்கம் நோயாளிக்கு லூகாஃபெரசிஸ் செய்து வெள்ளணுக்களை எடுத்து, அதிலுள்ள மோனோசைட்டுகளை ஜி.எம்-சி.எஸ்.எஃப், ஐ.எல்-4 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சேர்த்துச் சில நாட்கள் வளர்த்து டென்ட்ரிடிக் செல்லாக்குகிறார்கள். அதன்பின் முதிர்ச்சிக்கான வேறு சமிக்ஞைப் புரதங்கள் (சைட்டோகைன்கள்). முதிர்ந்த பிறகுதான் எலெக்ட்ரோபொரேஷன்: மின்துடிப்பில் செல்சவ்வு கணநேரம் திறக்கும்போது கட்டியின் ஆர்.என்.ஏ-வும், செல்லைத் தூண்டிவிடும் சி.டி.40 லிகண்டுக்கான செயற்கை ஆர்.என்.ஏ-வும் சேர்ந்து உள்ளே போகின்றன. பிறகு உறையவைத்துச் சேமிப்பு, தோலுக்குள் ஊசி.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதிராத டென்ட்ரிடிக் செல் டி செல்லைத் தூண்டுவதற்குப் பதிலாக அடக்கிவிடக்கூடும். ஏற்றிய ஆர்.என்.ஏ-வின் ஆயுளோ குறைவு. முன்கூட்டியே ஏற்றினால் செல் முதிர்வதற்குள் கணிசமாகச் சிதைந்துவிடும்.

வேலை கெடும் இடங்களும் தெரிந்தவைதான். அறுத்தெடுத்த கட்டி அறை வெப்பத்தில் கிடந்தால் ஆர்.என்.ஏ-நொதிகள் அதைத் தின்றுவிடும். உடனே பாதுகாப்புக் கரைசலில் போட வேண்டும் அல்லது உறையவைக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் ஆர்.என்.ஏ உள்ளே போகாது, கூடினால் செல் செத்துவிடும். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ஓர் அமைப்பு 2 மி.மீ. இடைவெளியுள்ள குவெட்டில் (மின்துடிப்பு கொடுக்கும் சிறு கலம்) 300 வோல்ட், 500 மைக்ரோவிநாடி. உறைநிலையிலிருந்து எடுத்தபின் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எண்ணாமல் ஊசி போடுவதில் அர்த்தமில்லை.

வசதியில் இது முன்னோடியை மிஞ்சியது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 2010இல் அமெரிக்க அனுமதி பெற்ற புரோவெஞ்ச் புரதம் ஏற்றிய செல் தடுப்பூசி. அதற்கு 3 தவணைக்கும் தனித்தனி லூகாஃபெரசிஸ் வேண்டும். தயாரான பை 18 மணி நேரத்தில் காலாவதியாகும். விமானம் தாமதமானால் தவணை குப்பைக்குத்தான். ஏ.ஜி.எஸ்-003இல் ஒரே சேகரிப்பிலிருந்து பல தவணைகளைத் தயாரித்து உறையில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேர்த்திக்குப் பிறகும், நோயாளிகள் கூடுதல் காலம் வாழவில்லை.

2ஆம் கட்டத்தில் 21 பேருக்கு சுனிடினிப் என்ற சிறுநீரகப் புற்றுநோய் மாத்திரையுடன் கொடுத்தபோது இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 30.2 மாதம் வந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அடாப்ட் என்ற 3ஆம் கட்டச் சோதனையில் 462 பேர். தடுப்பூசியும் மாத்திரையும் பெற்ற 307 பேரின் இடைநிலை ஆயுட்காலம் 27.7 மாதம், முதன்மையாக சுனிடினிப் மட்டும் பெற்ற 155 பேருக்கு 32.4 மாதம். இறப்பு அபாய விகிதம் 1.10 (1 என்றால் இரு குழுவுக்கும் சமம்). இந்த வித்தியாசத்தை வைத்துத் தடுப்பூசி கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது. நன்மை செய்தது என்றும் சொல்லவே முடியாது. 2017 பிப்ரவரியில் கண்காணிப்புக் குழு சோதனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தடுப்பூசி பெற்றவர்களில் 70 சதவீதம் பேரிடம் எதிர்ப்பாற்றல் எழுச்சி தெரிந்தது. எழுச்சி கூடியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். விளம்பரத்துக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடைக்காது. ஆனால் உடல் தெம்பாக இருப்பவருக்குத்தான் எழுச்சியும் நன்றாக வரும், ஆயுளும் நீளும். நிறைய தவணை வாங்கவே நீண்ட நாள் உயிரோடு இருக்க வேண்டும். எனவே தடுப்பூசிதான் ஆயுளை நீட்டியது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஏன் பலிக்கவில்லை? எங்கள் கணிப்பில் காரணங்கள் பல. தோலுக்குள் செலுத்திய செல்களில் மிகச் சிறிய பங்குதான் நிணநீர் முடிச்சைச் சென்றடைகிறது. கட்டியின் முழு ஆர்.என்.ஏ-வில் பெரும்பகுதி சாதாரணச் செல்லிலும் இருப்பது. கட்டிக்கே உரிய திரிபுகள் அதில் சொற்பம். வாரக்கணக்கில் நீளும் தயாரிப்புக் காலத்தில் நோய் காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், டி செல் கட்டி வரை போனாலும் அங்கே டி செல்லை அடக்கும் பி.டி-1 என்ற தடை நிற்கிறது. சுனிடினிப் அதைத் தூக்காது.

அதனால் இந்த முறையையே தூக்கியெறியச் சொல்லவில்லை. பிரஸ்ஸல்ஸில் உருவான ட்ரைமிக்ஸ் முறையில் 3 தூண்டல் ஆர்.என்.ஏ-க்களும் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) புரதங்களுக்கான ஆர்.என்.ஏ-வும் ஏற்றிய செல்லை, டி செல்லின் தடையை நீக்கும் மருந்தான இபிலிமுமாபுடன் சேர்த்து 39 பேருக்குக் கொடுத்தார்கள். 15 பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. நம்பிக்கை தரும் எண். ஆனால் அங்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை. டியூக்கில் மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஊசி போடும் இடத்தை டெட்டனஸ் தடுப்பூசியால் முன்கூட்டித் தூண்டியபோது செல்கள் நிணநீர் முடிச்சுக்குப் போவது கூடியது. அது 2015இல் 12 பேரிடம் செய்த சிறு ஆய்வு.

காசு கொடுத்து வாங்க யாராவது அழைத்தால், இவற்றை எழுத்தில் கேளுங்கள்: செல்லில் ஏற்றுவது ஆர்.என்.ஏ-வா, புரதமா, கட்டியின் செல்களை உடைத்தெடுத்த கரைசலா? ஒரு தவணையில் உயிருள்ள முதிர்ந்த செல் எத்தனை? கிருமியின்மைச் சோதனையின் அறிக்கை எங்கே? இதே தயாரிப்புக்கு ஒப்பீட்டுக் குழுவுடன் செய்த ஆய்வில் ஆயுட்கால முடிவு என்ன? கடைசிக் கேள்விக்கு "எதிர்ப்புச் செல் கூடியது" என்று பதில் வந்தால், பணத்தைக் கட்டாமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். பதிவுபெற்ற மருத்துவச் சோதனையில் இடம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அங்கே சோதனை மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை.