கடலில் விழும் லாவா: கரையா, படகா, ஹெலிகாப்டரா?

பாளையங்கோட்டையில் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகிய கை என்னுடையது. 2017 ஜனவரி கடைசியில் ஹவாய்க்குப் போனேன். கீலவேயா எரிமலையின் லாவா அப்போது கமோகுனா என்ற இடத்தில் கடலில் விழுந்துகொண்டிருந்தது. லாவா தானே கட்டியிருந்த கரைத்திட்டு, ஏறக்குறைய 26 ஏக்கர், டிசம்பர் 31 அன்றுதான் இடிந்து கடலுக்குள் போயிருந்தது. அதனால் லாவா செங்குத்துப் பாறையின் இடுப்பிலிருந்து பம்புசெட் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே தாரையாகக் கொட்டியது. மூன்று வழியிலும் எடுத்துப் பார்த்தேன்.

படகு கிட்டப் போகும், அதுதான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. போவதற்கு முன்னால் உவரியில் தெரிந்த அண்ணாச்சியின் ஃபைபர் போட்டில் நாலு விடியற்காலை ஏறிப் பழகினேன். "தம்பி, சாயாத. என்ஜின் நடுக்கம் உன் கைக்கு வந்துரும். முட்டிய மடக்கி நில்லு" என்பார். அந்தப் பாடம் அங்கே உதவியது. ஆனாலும் இருட்டில், ஆடும் படகில், ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, ஆயிரத்தில் ஒரு நொடியைவிட நீட்ட முடியவில்லை. ஐ.எஸ்.ஓ. என்ற கேமராவின் ஒளியுணர்வு ஏற, படம் மணல் மணலாக வந்தது. நானூறு எடுத்ததில் பதினொன்றுதான் தேறியது. லென்ஸில் படிவதும் வெறும் உப்புத்தண்ணீர் இல்லை. லாவா கடல்நீரைத் தொட்டதும் எழும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொடிக்கண்ணாடியும் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியை முதலில் ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம், 2018 ஜூலை 16 அன்று, அதே தீவில் கபோஹோ என்ற இடத்துப் பக்கம் லாவா கடலில் வெடித்து, கற்கள் ஒரு சுற்றுலாப் படகின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. 23 பேருக்குக் காயம். அதைப் படித்த பிறகு யாரையும் படகில் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஹெலிகாப்டர் வேறு கணக்கு. கதவைக் கழற்றிய வண்டி கிடைத்தால் எடுங்கள், கண்ணாடி வழியாக எடுத்தால் பிரதிபலிப்பு விழும். கறுத்த பாறைவெளி, புகை, கடல் மூன்றும் ஒரே சட்டத்தில் வருவது மேலேயிருந்து மட்டும்தான். ஆனால் லாவா செந்நூல் அளவுக்குத்தான் தெரியும், நீண்ட ஷட்டர் வைக்கவும் வழியில்லை.

என் ஓட்டு கரைக்குத்தான். கலபானா என்ற ஊரிலிருந்து சரளைச் சாலையில் ஏழு கிலோமீட்டர் போல வாடகை சைக்கிள் மிதித்து, விடிவதற்கு முன்பே கயிறு கட்டி மறித்த ஆபத்தான இடத்துக்கு வெளியே ட்ரைபாட் ஊன்றினேன். காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்கே நின்றால் புகை நம்மேல் வராது. தூரம் அதிகம் என்பதால் தூரத்தைக் கிட்ட இழுக்கும் 400 மி.மீ. லென்ஸ் இல்லாமல் நிற்பது வீண்.

கார்த்திகைக்குக் கோயிலில் சொக்கப்பனை எடுத்தவர்களுக்கு வெளிச்சக் கணக்குப் புதிதாக இருக்காது. சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாறும், தீ வெளுத்துவிடும். லாவாவுக்கும் அப்படித்தான், இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்துவிடுங்கள். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள், அதுதான் முதலில் அளவு மீறி விவரம் இழக்கும்.

அப்புறம் ஷட்டர். ஐந்நூறில் ஒரு நொடியில் தாரை கிழிந்து, கறுத்த தோல் போர்த்திய கட்டி கட்டியாகத் தெரிந்தது. எட்டு நொடியில் புகை பஞ்சானது, லாவாவோ அசைவே இல்லாத சிவப்புக் கம்பி. கால் நொடியில்தான் நடுவே இழையும் ஓரத்தில் தெறிக்கும் துண்டுகளும் சேர்ந்து நின்றன. சூரியன் எழ அரைமணி இருக்கையில் வானத்தின் நீலமும் லாவாவின் செம்மையும் சமமாக வரும். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு மிதியும். வெயில் ஏறினால் சிவப்பு மங்கி, வெள்ளைப் புகை மட்டும் மிஞ்சும்.

2018க்குப் பிறகு கீலவேயாவின் லாவா கடலைத் தொடவில்லை. மறுபடி தொட்டால், இரண்டு விடியல் கரையில் நின்றுவிட்டு, காசு மிஞ்சினால் மூன்றாம் நாள் காலை ஹெலிகாப்டர் ஏறுவேன்.