இத்தாலில சின்ன ஊர்ல ஹோட்டல் புக் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க: லூக்கால எங்களுக்கு நடந்தது

போன வாரம் எங்க மியூனிக் வீட்டு லெட்டர் பாக்ஸ்ல இத்தாலிலருந்து ரெண்டாவது அபராத நோட்டீஸ் கவர் வந்துச்சு. முதல் கவர் மூணு வாரம் முன்னாடி வந்தது. ரெண்டுலயும் அதே ஊர், அதே வாடகை கார் நம்பர், தேதி மட்டும் ஒருநாள் வித்தியாசம். நாங்க போனது 2024 ஜூலை, கவர் வந்தது எட்டு மாசம் கழிச்சு. ட்ரிப்பையே மறந்துட்டோம், போட்டோல்லாம் ஆல்பம் போட்டு ஊருக்கு அனுப்பியாச்சு, அப்புறம் வருது இது. கோடை லீவுக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டு இத்தாலி போற ஆளுங்க நம்ம பக்கம் நிறைய பேர் இருக்காங்க, அதான் எல்லாத்தையும் எழுதிடறேன்.

ஊர் பேரு லூக்கா, பீசாலருந்து ரொம்ப பக்கம். ஃப்ளோரன்ஸ் கூட்டம் வேணாம், அம்மாவுக்கு முட்டி வலி, சமதளமான அமைதியான ஊரா இருக்கட்டும்னு தான் அதை எடுத்தோம். பழைய ஊரைச் சுத்தி முழுசா கோட்டைச் சுவர் இருக்கு, 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, சுவர் மேலயே மரம் நட்டு அகலமா நடைபாதை போட்டிருக்காங்க. ஊர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இதை முதல்லயே சொல்லிடறேன். கோபம் எல்லாம் அந்த ஹோட்டல் மேல தான். பேர் போடல, ஏன்னா இது அந்த ஒரு ஹோட்டலோட முடியற விஷயம் இல்ல.

புக் பண்ணும்போது ஆப்ல போடாம நேரா ஹோட்டலுக்கே மெயில் போட்டு புக் பண்ணேன், ஒரு நைட்டுக்கு 12 யூரோ கம்மி பண்ணாங்க. கோட்டைக்குள்ள ரூம், லிஃப்ட் வேணும், நாலு பேர், அம்மாவால படி ஏற முடியாதுன்னு தெளிவா எழுதினேன். "நோ ப்ராப்ளம்"னு பதில் வந்துச்சு, முதல் நைட் காசை அட்வான்ஸா அனுப்பினேன். கார்ல வர்றோம், கோட்டைக்குள்ள கார் விடுவாங்களான்னு போன்ல கேட்டேன். வாங்க சார், ஹோட்டல் வாசல் வரைக்கும் வந்து பெட்டிய இறக்கிக்கோங்க, வந்ததும் நம்பர் குடுங்க, நாங்க பதிஞ்சிடறோம்னு சொன்னாங்க. இது போன்ல சொன்னது, எழுத்துல இல்ல. நான் விட்ட முதல் தப்பு இது தான்.

இத்தாலில பழைய ஊர்களோட நடுப்பகுதில வெளி வண்டி போகக் கூடாது, அதுக்குப் பேர் இசட்.டி.எல். உள்ள போற வழில வெள்ளை வட்டத்தைச் சுத்தி சிவப்பு கோடு போட்ட போர்டு இருக்கும், கூடவே கேமரா. கேட் கிடையாது, போலீஸ் நிக்க மாட்டாங்க, யாரும் தடுக்க மாட்டாங்க, கேமரா நம்பர் பிளேட்டை எடுத்துக்கும் அவ்ளோ தான். எலக்ட்ரானிக் போர்டுல "வார்க்கோ அத்தீவோ"ன்னு எரியும். வார்க்கோன்னா நுழைவு வழி, அத்தீவோன்னா ஆக்டிவ், அதைப் பாத்துட்டு ஓ வழி திறந்திருக்கு போலன்னு நினைச்சு நிறைய பேர் உள்ள போயிடறாங்க, ஆனா அர்த்தம் நேர் எதிர், கட்டுப்பாடு இப்போ அமல்ல இருக்கு, போகாதேன்னு அர்த்தம். "நோன் அத்தீவோ"ன்னு இருந்தா தான் போகலாம். மொபைல் மேப் பாட்டுக்கு நேரா அதுக்குள்ள தான் கூட்டிட்டுப் போச்சு. ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு விதிவிலக்கு நெஜமாவே உண்டு, ஆனா ஹோட்டல்காரங்க உங்க வண்டி நம்பரை ஊர் நிர்வாகத்துல பதிஞ்சா தான் அது செல்லும், எத்தனை மணி நேரத்துக்குள்ள பதியணும்ங்கறது ஊருக்கு ஊர் மாறும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு போய்ச் சேர்ந்தோம். ரிசப்ஷன்ல ஒரு பையன். கார் நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன், வாங்கி கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடில சொருகி வெச்சான். அப்புறம் தான் சொன்னான், உங்க ரூம்ல தண்ணி லீக், அதனால இன்னைக்கு உங்களை எங்க இன்னொரு பில்டிங்ல போட்டிருக்கோம், அஞ்சு நிமிஷம் தான்னு. அதுக்கு அங்க "திபெந்தான்ஸ்"னு பேரு. அஞ்சு நிமிஷம் கார்லயாம், கோட்டைக்கு வெளிய, கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு அபார்ட்மென்ட் பில்டிங்.

அங்க ரிசப்ஷன் கிடையாது, வாசல்ல ஒரு சாவிப் பெட்டி, நம்பர் அமுக்கி எடுக்கணும். ரூம் மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல.

அம்மா ஒண்ணும் சொல்லல. கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு ஒவ்வொரு படிலயும் ரெண்டு காலையும் சேத்து வெச்சு ஏறினாங்க. அந்த ஊர் மாடிப்படி லைட் டைமர்ல இருக்கும், சுவிட்ச் போட்டா கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு தானா அணைஞ்சிடும், நம்ம வேகத்துல ஏறற ஆளுக்குத்தான் அந்த நேரம் பத்தும். ரெண்டாவது மாடி திரும்பற இடத்துல லைட் அணைஞ்சிடுச்சு. நான் கீழ பெட்டியோட இருக்கேன், என் பொண்ணுக்கு ஆறு வயசு, அவ பயந்து கத்தறா, அப்பா சுவத்தைத் தடவி சுவிட்ச் தேடறாரு. லைட் வந்தப்போ அம்மா படில உக்காந்திருந்தாங்க, முந்தானைய வாய்ல வெச்சு அழுத்திட்டு. "ஒண்ணுமில்லப்பா, மூச்சு வாங்குது"ன்னாங்க. அந்த முகத்தை என்னால இன்னும் மறக்க முடியல.

ரூம்ல ஏசிக்கு ரிமோட் இல்ல. போன் பண்ணா, அந்த பில்டிங்ல ஏசிக்கு நாளைக்கு 10 யூரோ தனின்னு சொல்றாங்க. ஜூலை மாசம், 34 டிகிரி.

மறுநாள் காலைல டிபனுக்கு மெயின் ஹோட்டலுக்கு நடந்து போனோம், அங்க காபி குடுத்த அம்மா பாவம் வெள்ளந்தியா சொல்லிடுச்சு, நேத்து பியாட்சா நெப்போலியோனேல கச்சேரி, ஹோட்டல் ஃபுல்லு, ஒரு ரூம் கூட காலி இல்லன்னு. அப்போ தான் புரிஞ்சுது. தண்ணி லீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, எங்க ரூமை ஜாஸ்தி விலைக்கு வேற ஆளுக்கு வித்திருக்காங்க. லூக்கால ஜூலை மாசம் சம்மர் ஃபெஸ்டிவல்னு பெரிய இசை விழா நடக்கும், அக்டோபர் கடைசி நவம்பர் ஆரம்பத்துல காமிக்ஸ் விழா, அந்த நாள்கள்ல ஊருக்குள்ள ரூம் கிடைக்கறதே கஷ்டம். எந்த ஊருக்குப் போனாலும் நீங்க போற தேதில அங்க என்ன விழான்னு ஒரு தடவை தேடிப் பாத்துட்டு புக் பண்ணுங்க.

நான் ரிசப்ஷன்ல போய் சத்தம் போட்டேன், மதியமே கோட்டைக்குள்ள ரூம் குடுத்தாங்க, லிஃப்ட் இருந்துச்சு, நல்ல ரூம் தான். பெட்டிய எடுத்துட்டு மறுபடி கார்ல உள்ள வந்தேன். கார் நம்பர் பதிஞ்சாச்சான்னு கேட்டேன், "சீ சீ, தூத்தோ அ போஸ்தோ"ன்னான், ஆமா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு நாளும் பதியல. ஒவ்வொரு தடவை உள்ள போனதும் தனித்தனி அபராதம், அதான் ரெண்டு கவர்.

கணக்கு சொல்றேன். முதல்ல அக்டோபர்ல வாடகை கார் கம்பெனி என் கார்டுலருந்து 45 யூரோ வீதம் ரெண்டு தடவை எடுத்துச்சு. அது அபராதம் இல்ல, போலீஸுக்கு என் அட்ரஸ் குடுத்ததுக்கு சர்வீஸ் சார்ஜ். இதைக் கட்டியாச்சு முடிஞ்சுதுன்னு நினைச்சேன், ஆனா அபராதம் அதுக்கப்புறம் தனியா வருது. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவங்களுக்கு சட்டப்படி 360 நாள் டைம் இருக்கு. அபராதம் ஒண்ணுக்கு 83 யூரோ, கைக்கு வந்த 5 நாளுக்குள்ள கட்டினா 30 சதவீதம் தள்ளுபடி, 58.10, மேல தபால் செலவு. 60 நாள் தாண்டினா தொகை ஏறிடும். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 250 யூரோ போச்சு. அப்பீல் பண்ணலாமான்னு பாத்தேன். பிரெஃபெத்தோன்னு அங்க ஒரு அரசு அதிகாரி, அவர்கிட்ட 60 நாளுக்குள்ள எழுதலாம், ஆனா அவர் தள்ளுபடி பண்ணிட்டா குறைஞ்சது டபுளா கட்டணும், கட்டிட்டு அப்பீல் போகவும் முடியாது. என்கிட்ட ஹோட்டல்காரன் சொன்னதுக்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது. ஒரு வரி மெயில் இருந்திருந்தா அந்தக் காசை ஹோட்டல்கிட்டயாவது கேட்டிருக்கலாம். கேட்டும் பாத்தேன், வண்டிக்கு விருந்தாளி தான் பொறுப்புன்னு பதில் வந்துச்சு.

அதனால கார்ல போறவங்க முன்னாடியே மெயில் போடுங்க, "தார்கா"ன்னா நம்பர் பிளேட், தார்கா நம்பர் இது, இந்தத் தேதி இத்தனை மணிக்கு உள்ள வர்றோம், பதிஞ்சிட்டு பதில் போடுங்கன்னு. வாடகை கார்னா எடுத்த உடனே பார்க்கிங்ல நின்னே அனுப்பிடுங்க. பதில் வராம உள்ள போகாதீங்க. அதை விட நல்லது கோட்டைக்கு வெளியவே நிறுத்தறது, தரைல வெள்ளைக் கோடு இருந்தா ஃப்ரீ, நீலம்னா காசு, மஞ்சள்னா அந்த ஊர்க்காரங்களுக்கோ வேற யாருக்கோ ஒதுக்கினது, அதுல நிறுத்தாதீங்க. நெஜமா சொல்லணும்னா லூக்காவுக்கு காரே தேவையில்ல, பீசாலருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம், ஸ்டேஷன் கோட்டைக்கு எதிர்லயே இருக்கு.

காசு விஷயத்துலயும் ரெண்டு இடத்துல அடி வாங்கினோம். கெளம்பற அன்னைக்கு அப்பா, நான் தான் குடுப்பேன்னு இந்தியா கார்டை நீட்டிட்டாரு, 310 யூரோ பில். மெஷின்ல ரூபாய்ல ஒரு தொகையும் யூரோல ஒரு தொகையும் காட்டி எது வேணும்னு கேக்கும், அந்தப் பையன் அப்பாகிட்ட கேக்காமலே ரூபாய்ல அமுக்கிட்டான். அன்னைக்கு ரேட்டோட ஒப்பிட்டா 1,400 ரூபாய்க்கு மேல ஜாஸ்தி போயிருக்கு. எப்பவும் யூரோவையே அமுக்குங்க, மெஷினை உங்க கைல வாங்கிப் பாருங்க. ரெண்டாவது, ஊர் வரி. ஆளுக்கு, நைட்டுக்கு இவ்ளோன்னு ரூம் வாடகைக்கு மேல தனியா வாங்குவாங்க, அது சட்டப்படி சரி, ஏமாத்து வேலை இல்ல. ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு பெரும்பாலான ஊர்ல கிடையாது, எந்த வயசு வரைக்கும்னு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்ககிட்ட என் பொண்ணையும் சேத்து கேஷா கேட்டாங்க, "ரிச்செவூத்தா" குடுங்கன்னு கேட்டதும் தான் அவளை கழிச்சிட்டு ரசீது அடிச்சாங்க. ரிச்செவூத்தான்னா ரசீது, அந்த வார்த்தைய ஞாபகம் வெச்சுக்கோங்க.

அட்வான்ஸ் அனுப்பறதா இருந்தா மெயில்ல "கபார்ரா கன்ஃபிர்மத்தோரியா"ன்னு எழுதி வாங்குங்க. இத்தாலி சிவில் சட்டம் 1385வது பிரிவுப்படி, அந்தப் பேர்ல வாங்கின முன்பணத்துக்கு ஹோட்டல் சொன்ன சொல்லைக் காப்பாத்தலன்னா டபுளா திருப்பிக் கேக்கலாம், நாம போகலன்னா அவங்க வெச்சுக்குவாங்க. வெறும் "அக்கோந்தோ"ன்னு இருந்தா அந்த உரிமை இல்ல. என் ரசீதுல அக்கோந்தோன்னு தான் இருந்துச்சு.

"ஹோட்டல்"னு பேர் இருந்தாலும் சிலது நெஜத்துல "அஃபித்தாகாமெரே", அதாவது நாலஞ்சு ரூம் வாடகைக்கு விடற இடம், ராத்திரி ஆள் இருக்க மாட்டாங்க. 2025 ஜனவரி 1லருந்து தங்கற இடம் எதுவா இருந்தாலும் சி.ஐ.என்.னு ஒரு தேசிய அடையாள நம்பர் வாசல்லயும் விளம்பரத்துலயும் போட்டிருக்கணும், ஐ.டி.ன்னு ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கும். அது இல்லாத இடத்துக்கு காசு அனுப்பாதீங்க. ஒரே ஹோட்டல் பேர்ல ரெண்டு பில்டிங் இருந்தா எந்த பில்டிங், எந்தத் தெருன்னு எழுதிக் கேளுங்க, லிஃப்டுக்கு அவங்க வார்த்தை "ஆஷென்சோரே". பாஸ்போர்ட் கேட்டா குடுங்க, தங்கறவங்க விவரத்தை 24 மணி நேரத்துல போலீஸுக்கு அனுப்பணும்னு அங்க சட்டம், ஆனா பதிஞ்ச உடனே திருப்பி வாங்கிடுங்க, ராத்திரி முழுக்க வெச்சுக்க வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல. ஆப்ல புக் பண்ணவங்களுக்கு ஹோட்டல் பேர்லயே கார்டு நம்பர் மறுபடி போடுங்கன்னு லிங்க் வந்தா தொடாதீங்க, ஹோட்டலோட அக்கவுன்ட்டையே திருடி அப்படி அனுப்பறாங்க.

அம்மா வர்ற செப்டம்பர்ல மறுபடி வர்றாங்க, மொசைக் பாக்கணும்னு ரவென்னா கேட்டிருக்காங்க, ட்ரெயின்ல தான் போறோம். நேத்து அங்க ஒரு ஹோட்டலுக்கு மெயில் போட்டு, வாசல்லருந்து ரூம் வரைக்கும் எத்தனை படி, லிஃப்ட் போட்டோ அனுப்ப முடியுமான்னு கேட்டேன். ஒரு மணி நேரத்துல மூணு போட்டோ வந்துச்சு. வாசல்ல ரெண்டு படி, கைப்பிடி இருக்கு, லிஃப்ட் கதவு 70 சென்டிமீட்டர்னு டேப் வெச்சு அளந்து அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க.