கோல்ட்டா ரெமிங்டனா: கரிமருந்து ரிவால்வர் பழக எது தோது?

அக்கா மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். விடுப்பில் சேலம் வந்தவன், ஏற்காட்டுக்குப் போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரே பேச்சு: "கரிமருந்து ரிவால்வர் பழகலாம்னு இருக்கேனுங்க மாமா. 1851 கோல்ட் நேவி வாங்கட்டுமா, 1858 ரெமிங்டன் வாங்கட்டுமா?" தோட்டா போடாமல், சுழலும் சிலிண்டரின் அறைகளில் கரிமருந்தும் ஈயக் குண்டும் தனித்தனியே இட்டுக் கெட்டித்துச் சுடும் பழைய மாதிரிகள் இவை. அவன் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டையும் சுட்டுப் பார்த்தவன் நான். லேத்துப் பட்டறைக்காரன் வேறு. கேட்க வேண்டுமா!

நம்மூரில் இந்த ஆசைக்கு வழி குறுகல். சுடும் நிலையில் இருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அமெரிக்காவின் 1968 மத்தியச் சட்டம் இந்தப் பழைய மாதிரிகளின் இன்றைய நகல்களைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

கோல்ட்டில் சிலிண்டருக்கு மேலே பாலம் இல்லை. குழலையும் உடலையும் பிணைப்பது ஒரு சின்ன ஆப்பு. அதைத் தட்டி எடுத்தால் குழல், சிலிண்டர், உடல் என்று மூன்றாகக் கழன்றுவிடும், கழுவச் சுகம். சிக்கலும் அந்த ஆப்பில்தான். அழுத்தி அடித்தால் குழல் சிலிண்டரில் உரசும். தளர்ந்தால் இடைவெளி கூடும். எவ்வளவு அடிப்பது என்பது கைப்பழக்கம், புதிதாக வருகிறவனிடம் அது இருக்காது. குறி பார்க்கும் பள்ளம், கேப்பை (மருந்துக்குப் பொறி கொடுக்கும் சின்ன வெடிமூடி) அடிக்கும் சுத்தியலின் தலையிலேயே இருக்கிறது, நிமிர்த்தினால்தான் தெரியும். வெடித்த கேப் நசுங்கி உள்ளே விழுந்து இயக்கத்தையே நிறுத்துவதும் இதில் அதிகம்.

ரெமிங்டனின் உடல் ஒரே துண்டு, மேலே பாலத்தோடு. (1858 என்பது காப்புரிமை ஆண்டுதான், இந்த வடிவம் வந்தது 1860களில்.) குண்டைக் கெட்டிக்கும் நெம்புகோலை இறக்கி, சிலிண்டர் சுற்றும் அச்சை முன்னால் இழுத்தால் சிலிண்டர் கையில். குறிப்பள்ளம் பாலத்திலேயே வெட்டியிருப்பதால் அசையாது. குறை ஒன்று உண்டு: அச்சு மெல்லிசு, கரி படிந்து சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கோல்ட்டின் தடித்த அச்சில் மசகு தேங்கப் பள்ளம் இருப்பதால் அது இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். ரெமிங்டனை அவ்வப்போது கழற்றித் துடைத்தாக வேண்டும்.

மற்றபடி பாடம் ஒன்றுதான். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைத் தொடவே கூடாது, சிலிண்டரே சிதறும். ஈயக் குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்து, இறங்கும்போது மெல்லிய வளையம் சீவப்பட வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துருதான். பித்தளை உடல் மலிவு, பளபளப்பு. கனத்த மருந்துக்கு இழுபட்டுப் போகும். எஃகே வாங்கு.

என் ஓட்டு .44 (குழல் அளவு, அங்குலத்தில்) ரெமிங்டனுக்கு. எல்லாம் கேட்டுவிட்டு, ஏரிக்கரையில் இறங்கும்போது அவன் சொன்னான்: "ஆனா கோல்ட்டுதானுங்க மாமா அழகு."

"அப்ப ஆப்பைத் தட்ட ஒரு மரச்சுத்தியலும் சேர்த்து வாங்கிக்கடா" என்றேன்.