நெல்லைக்கு வந்த இங்கிலாந்துக் கருவிப்பெட்டி: தொடக்கப்பள்ளிக் கள ஆய்வுத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, விளையாட்டோடு விளையாட்டாகப் புவியியல் கற்பிப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட கருவித் தொகுப்புகள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள எங்கள் பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்காக வாங்கி, ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கு நான் சுட்டும் குறைகளில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் வந்தவை அல்ல; வேறொரு நிலப்பகுதியை மனத்தில் கொண்டு செய்த பொருளை நம் ஊருக்குக் கொண்டுவந்ததால் நேர்ந்தவை.

பெட்டிக்குள் ஆறு தட்டுத் திசைகாட்டிகள், 30 மீட்டர் இழை அளவுநாடா ஒன்று, பிளாஸ்டிக் மழைமானி, சிவப்புத் திரவ வெப்பமானிகள் இரண்டு, காற்றின் திசையைக் காட்டும், துணியால் ஆன காற்றுப்பை, நிறுத்துக் கடிகாரம், கைலென்சுகள், சதுரக் கட்டம் அச்சிட்ட விரிப்பு, செயல்பாட்டு அட்டைகள் ஆகியவை இருக்கின்றன. விலை ஏறத்தாழ 3,500 ரூபாய். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள தேசியப் பாடத்திட்டம், ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் தம் பள்ளியையும் அதன் வளாகத்தையும் எளிய கள ஆய்வின் மூலம் அறிந்துகொள்ள வேண்டும் என்று வரையறுக்கிறது. அட்டைகள் அந்த வரையறையை வரிக்கு வரி பின்பற்றுகின்றன. அந்த நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. பாடநூலில் ஆற்றின் படத்துக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை ஒருமுறையேனும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் கருவிகள் இந்த ஊரின் காந்தப்புலத்துக்கும் வெயிலுக்கும் மழைக்கும் ஈடு கொடுக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

முதலில் திசைகாட்டி. பார்ப்பதற்கு அழகானது, பிள்ளைகளின் கைக்கு அடக்கமானது, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் உண்டு. எனினும் சமமாகப் பிடித்தால் அதன் முள் சுழலாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தட்டில் உரசுகிறது. காரணம் எளிது. புவியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. லண்டனில் அது ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. முள்ளின் வட முனையை அங்கே புவி கீழே இழுப்பதால், அதைச் சமன்செய்யத் தென் முனையில் சிறிது எடை கூட்டித் தயாரிக்கிறார்கள். தென்னிந்தியாவின் முனையை ஒட்டியோ, காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு செல்கிறது. 1963இல் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். நெல்லையில் காந்தச் சரிவு சுழியத்தை ஒட்டியே இருப்பதால், வடமுனையை இழுக்க இங்கு எதுவும் இல்லை. கூட்டி வைத்த எடை மட்டும் தென்முனையைத் தரையை நோக்கி அழுத்துகிறது. பிள்ளைகள் தட்டைச் சாய்த்துப் பிடித்து முள்ளை விடுவிக்கிறார்கள், பிறகு சாய்ந்த தட்டிலிருந்து எண்ணைப் படிக்கிறார்கள், ஆறு குழுவுக்கும் ஆறு வடக்கு கிடைக்கிறது. விற்பனைப் பக்கத்தில் இந்தத் திசைகாட்டி உலகின் எந்தப் பகுதிக்குச் சமன்செய்யப்பட்டது என்ற தகவலே இல்லை. எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் வகையில் முள் அமைத்த திசைகாட்டிகளும் சந்தையில் உண்டு. ஆகவே இதனை மன்னிக்கத்தக்க குறையாக நான் கருதவில்லை.

இதே குறை எங்களுக்கு ஒரு நல்ல பாடத்தையும் கொடுத்தது. தையல் ஊசி ஒன்றைக் காந்தத்தில் ஒரே திசையில் பலமுறை தேய்த்து, அரச இலைத் துண்டின் மேல் வைத்து, தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் மிதக்க விட்டால், நம் ஊரில் அது எந்தச் சிக்கலும் இன்றிக் கிடையாகவே நின்று வடக்கைக் காட்டுகிறது. சட்டக் காந்தத்தை நூலில் நடுவாகக் கட்டித் தொங்கவிட்டாலும் அப்படியே. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கு மிகச் சிறியது என்பதால், தொடக்க வகுப்புக்கு இதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. எவர்சில்வர் டிபன் பெட்டியையும் ஜாமெட்ரி பாக்ஸையும் அருகில் கொண்டுசென்று ஊசி எதற்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்பவில்லை என்று பார்ப்பதில் ஒரு பாடவேளை முழுவதும் கழிந்துவிடும். அது வீணான பாடவேளை அன்று.

அட்டைகளில் வெளிப்படையான பிழை ஒன்று உண்டு. நடுப்பகலில் குச்சியின் நிழல் எப்போதும் வடக்கு நோக்கி விழும் என்று ஓர் அட்டை அறுதியிட்டுச் சொல்கிறது. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் நாட்டில் அது முழு உண்மை. திருநெல்வேலியோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் மட்டுமே இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் மாதக் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் அட்டையை நம்பித் திசை குறிக்கும் ஆசிரியர், வரைபடம் முழுவதையும் தலைகீழாக வரைய வைத்துவிடுவார்.

அட்டையை ஒதுக்கிவிட்டு அதே குச்சியை நட்டால் கிடைக்கும் பாடம் அருமையானது. ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு மீட்டர் குச்சியின் மிகக் குறுகிய நிழல் ஏறத்தாழ 26 செ.மீ. நீளத்துக்குத் தெற்கே விழும். டிசம்பர் நடுப்பகுதியில் அதே குச்சி ஏறத்தாழ 63 செ.மீ. நிழலை வடக்கே வீசும். இரண்டையும் செங்கல் பதித்துக் குறித்துவைத்தால், சூரியன் நகர்வதாகத் தோன்றும் பாதையைப் பிள்ளைகள் காலடியிலேயே காண முடியும். கடிகாரத்தில் 12 மணி அடிக்கும் நொடியில் நிழல் மிகக் குறுகியதாக இராது என்பதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதாலும், நாம் அதற்கு மேற்கே இருப்பதாலும், ஜூன் மாதத்தில் நமக்கு உண்மையான நண்பகல் 12.20 மணியை ஒட்டியே வருகிறது. சற்று முன்னதாகத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியைச் சுண்ணாம்பால் குறித்து, எந்தப் புள்ளி குச்சிக்கு மிக அருகில் இருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வது நல்லது. மதிய உணவு வேளையோடு இது மோதுவதுதான் ஒரே இடைஞ்சல்.

மழைமானியைப் பொறுத்தவரை எனது மதிப்பீடு கடுமையானது. அதன் கொள்ளளவு 40 மி.மீ. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீட்டருக்குக் குறையாமல் பெய்வதையே கனமழை என்கிறது. அப்படியானால் இந்தக் கருவியால் கனமழையின் தொடக்கத்தைக்கூட அளக்க முடியாது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது என்பதை நினைத்துப் பார்த்தால், தூறல் நாட்டின் மழைமானி நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். இதைவிடப் பயனுள்ள மழைமானியைச் சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பக்கங்கள் செங்குத்தாக உள்ள எவர்சில்வர் டப்பாக்கள், அகலமானது ஒன்றும் ஒடுங்கியது ஒன்றுமாக இரண்டைத் திறந்தவெளியில் வைத்து, மறுநாள் காலை 8.30 மணிக்கு அளவுகோலை நட்டுப் பார்த்தால், இரண்டிலும் தண்ணீரின் உயரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பெரிய டப்பாவில்தான் அதிக மழை பெய்திருக்கும் என்று பந்தயம் கட்டும் பிள்ளைகள் முதல் நாள் இதை ஏற்பதில்லை, டப்பாக்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் அளக்கிறார்கள். பக்கங்கள் சாய்ந்த வாளியை வைத்தால் கணக்கு தவறும். ஏன் தவறுகிறது என்பதை ஐந்தாம் வகுப்பில் விவாதிக்கலாம். தம் அளவை நாளிதழில் வரும் மழைப் பட்டியலோடு ஒப்பிடும்போது ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப மேலே வருவதைப் பார்த்து, மலைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே கேட்கத் தொடங்குகிறார்கள்.

இனி நல்லவற்றைச் சொல்ல வேண்டும். தொகுப்பிலேயே மிகச் சிறந்த பொருள் அளவுநாடா. நனைந்தாலும் சுருங்குவதில்லை, மண்ணில் புரண்டாலும் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன, மடங்கி உடைவதில்லை. முதலில் காலடி எண்ணி மைதானத்தை அளப்பதும், பிறகு நாடாவால் அளந்து யாருடைய காலடிக் கணக்கு உண்மைக்கு நெருக்கம் என்று பார்ப்பதும் பிள்ளைகள் தாமே கேட்டு ஆடும் ஆட்டமாகிவிட்டது. அந்த அளவுகளை வைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்ற கணக்கில் பள்ளி வளாகத்தின் வரைபடத்தை ஒட்டுத்தாள்களில் வரைந்தோம். அளவுத்திட்டம் என்பதைப் பாடநூலின் துணையோடு விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சதுரக் கட்ட விரிப்பு தேவையற்றது. கிளித்தட்டு ஆடுவதற்குத் தரையில் கீறும் கட்டங்களே போதும். ஒரு பக்கத்துக்கு எழுத்துகளும் மறுபக்கத்துக்கு எண்களும் இட்டு, "இ-மூன்றில் நில்" என்று கூவினால், கட்டக் குறியீடு அரை மணி நேரத்தில் பழகிவிடும். கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் குச்சியை மண்ணுக்குள் ஒளிப்பதுபோல ஒரு பொருளைப் புதைத்து, அது இருக்கும் கட்டத்தைக் குறியீடாக எழுதிக் கொடுத்தால் புதையல் வேட்டையும் ஆயிற்று.

காற்றுப்பை எளிய பொருள்தான், ஆனால் நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது. தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் காற்று அந்தத் துணியைக் கிழக்கு நோக்கி விறைப்பாக நிறுத்திவைக்கும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்கவில்லை. ஐப்பசியில் அதே கம்பத்தில் பை வேறு பக்கம் திரும்பியதைப் பிள்ளைகளே முதலில் கவனித்துச் சொன்னார்கள். தையல் உறுதியாக இருந்தது, வண்ணம் மட்டும் வெளுத்துவிட்டது.

நிறுத்துக் கடிகாரத்தின் பயன் வாய்க்கால் கரையில்தான் வெளிப்பட்டது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயும் தாமிரபரணியின் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவருகின்றன. அவற்றின் கிளை வாய்க்கால் ஏதேனும் ஒன்று பெரும்பாலான பள்ளிகளுக்கு நடக்கும் தொலைவில் இருக்கும். கரையில் 10 மீட்டர் அளந்து, நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஓரத்தில் ஒன்றையும் மிதக்க விட்டு நேரம் குறித்தால், நடுவில் போவது முந்துவதும் ஓரத்தில் போவது புல்லில் தயங்குவதும் தெரியும். மிதவையாகப் பிளாஸ்டிக் பந்துகளைப் பயன்படுத்துமாறு அட்டை சொல்கிறது. தவறவிட்டால் அவை புன்னக்காயல் கடல்வரை போய்ச் சேரும் என்பதால் அவ்வறிவுரையை நான் பின்பற்றவில்லை. பிள்ளைகள் யாரும் தண்ணீரில் இறங்காமல், முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத வாய்க்காலில், பெற்றோர் இருவரேனும் உடனிருக்க மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். பாதுகாப்பைப் பற்றி அட்டைகளில் ஒற்றை வரியே இருப்பது போதாது.

கைலென்சுகள் தரமானவை. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலையும் கோவில்பட்டிக் கரிசலையும் ஆற்று மணலையும் பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்வரும்போது கொண்டுவந்தார்கள்; தேரி மணலின் உருண்ட துகள்கள் மேல் படிந்த சிவப்பு லென்சில் நன்றாகத் தெரிந்தது. வெப்பமானி 50 பாகை வரைதான் காட்டும். வேப்பமர நிழலுக்கும் வகுப்பறைக்கும் அது போதும். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையில் வைக்கச் சொல்லும் அட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள், திரவம் உச்சிக்கு ஏறிக் குழாய் பழுதாகிவிடும்.

தொகுப்பு முப்பது பேருக்கானது என்று விளம்பரம் சொன்னாலும், ஒரே அளவுநாடாவை வைத்து அது நடக்காது. பாதி வகுப்பு வெளியே அளக்கும்போது மறுபாதிக்கு வேறு வேலை வேண்டும். அட்டைகள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதால் எப்படியும் ஆசிரியர் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். அதே உழைப்பில் நம் ஊருக்கு ஏற்ற அட்டைகளையே எழுதிவிடலாம். புதிதாக வாங்க எண்ணும் பள்ளிகளுக்கு நான் சொல்வது, முழுத் தொகுப்பை விட்டுவிட்டு, ஹார்டுவேர் கடையில் இரண்டு இழை நாடாக்களையும், அறிவியல் உபகரணக் கடையில் ஆறு கைலென்சுகளையும் வாங்கி, காற்றுப்பையைத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள் என்பதே. திசைகாட்டி கட்டாயம் வேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதைச் சமமாகப் பிடித்து, முள் இரு முனையும் தட்டைத் தொடாமல் ஒரு முழுச்சுற்று சுழல்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இணையத்தில் வாங்குவோர், முள் எந்த மண்டலத்துக்குச் சமன்செய்யப்பட்டது என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்கலாம்.